கல்கத்தாவில் பிறந்த துர்கா

ஈன்று சில நாட்களே ஆன நிலையைக் குறிப்பதற்குப் 'புனிறு' என்று ஒரு தனிச்சொல்லை ஆக்கி வைத்தவர்கள் நம் முன்னோர். கருவுற்றவளுக்கு எழும் வேட்கையை 'வயா' என்றனர். கருவைச் 'சூல்' என்றனர். நெற்பயிர் கருக்கொள்வதையும், கார்மேகம் நீர் நிறைந்து நிற்பதையும் அச்சொல்லாலேயே வழங்கினர். தாய்மையைச் சுற்றி இத்துணை மென்மையான சொற்களைப் படைத்த அதே மொழியில்தான் 'மலடி' என்னும் கொடுஞ்சொல்லும் நெடுநாளாக வழங்கி வருகிறது. மக்கட்பேறு இன்மைக்கு ஆணிடத்தும் காரணம் இருக்கக்கூடும் என்பதை மருத்துவம் ஐயமற நிறுவிய பின்னரும், அச்சொல்லின் சுமையைப் பெண்ணே தாங்கினாள். 'மலடன்' என்ற சொல் அகராதியில் உண்டு. தெருவில் அதைக் கேட்டவர் அரியர்.

மகப்பேறு வேண்டி நம் பெண்டிர் சஷ்டி நோன்பு நோற்பதையும், 'சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்' என்னும் பழமொழிக்குச் சஷ்டியில் நோன்பிருந்தால் அகமாகிய பையில் கரு வரும் என்று பொருள் கூறுவதையும் யாவரும் அறிவர். இந்நகருக்கு வந்து குடியேறிய நம்மனோர், வங்கப் பெண்களும் சஷ்டி என்னும் பெயராலேயே ஒரு தேவியை வணங்குவதையும், குழந்தைகளைத் தருபவளும் காப்பவளும் அவளே என நம்புவதையும் கண்டு வியந்திருப்பர். அங்கே முருகனுக்குரிய திதி. இங்கே தாய்த் தெய்வத்தின் திருப்பெயர். வேண்டுதல் ஒன்றே. லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் வெற்றிலையும் வாங்க நிற்கும் தமிழ் மூதாட்டியும், அருகில் மீன் வாங்க நிற்கும் வங்க மூதாட்டியும் இப்பொருளில் ஒருவரை ஒருவர் மொழியின்றியே உணர்ந்துகொள்வர்.

அவ்வேண்டுதலுக்கு ஆராய்ச்சிக் கூடத்தில் விடை தேடிய ஒருவர் இந்நகரிலேயே வாழ்ந்தார். விடையைக் கண்டும் காட்டினார். கண்டதற்காகவே இகழப்பட்டு மாண்டார். அவர் பெயர் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய். முகர்ஜி என்றும் எழுதுவர். சங்க ஆண்டு மலரில் வங்க மருத்துவர் ஒருவரின் வரலாறு எதற்கு என்று எவரேனும் வினவலாம். தலைமுறை தலைமுறையாக நமக்குச் சோறிட்ட ஊர் இது. இவ்வூரின் பெருமையை நாம் நன்கு அறிவோம். இவ்வூர் தன் மைந்தன் ஒருவனுக்குச் செய்த பிழையையும் அறிந்திருத்தல் முறையே.

மகப்பேற்று மருத்துவத்தில் கல்கத்தா புதிதாகக் கண் விழித்த ஊரன்று. சென்னையைப் போலவே இங்கும் 1835-ஆம் ஆண்டிலேயே மருத்துவக் கல்லூரி தோன்றிவிட்டது. பின்னாளில் ஆர். ஜி. கர் கல்லூரி என்று பெயர் பெற்ற கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியின் தலைவராக விளங்கிய சர் கேதார்நாத் தாஸ், மகப்பேற்று இடுக்கியின் வரலாற்றைப் பெருநூலாக எழுதி 1929-இல் வெளியிட்டார். ஐரோப்பியப் பெண்களின் உடலமைப்புக்கெனச் செய்த கருவி நம் நாட்டுப் பெண்களுக்குப் பெரிதாயிருக்கக் கண்டு, சிறியதும் இலேசானதுமான இடுக்கி ஒன்றைத் தாமே வகுத்தார். 'வங்காள இடுக்கி' என அது பெயர் பெற்றது. மேனாட்டார் செய்ததை அப்படியே ஏற்காமல், நம் பெண்டிருக்கு எது பொருந்தும் என்று தானே எண்ணிப் பார்க்கும் பழக்கம் இந்நகர் மருத்துவத்தில் இருந்தது என்பதற்கு அவ்வொரு சான்று போதும்.

சுபாஷ் முகர்ஜி 1931 ஜனவரி 16-ஆம் நாள் ஹசாரிபாகில் பிறந்தவர். கல்கத்தாவில் உடலியலும் மருத்துவமும் பயின்று, 1958-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் எடின்பரோ சென்று, இனப்பெருக்கத்தை ஆளும் ஹார்மோன்களைப் பற்றி ஆராய்ந்து 1967-இல் இரண்டாம் டாக்டர் பட்டமும் பெற்றார். மேலைநாட்டில் தங்கிவிட்டவர் பலர், இவர் மீண்டார். நீல் ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியிலும், பின்னர் பாங்குராவிலுள்ள மருத்துவக் கல்லூரியிலும் ஆசிரியப் பணி ஆற்றினார். கல்கத்தாவில் ஆய்வு, நூறு கல்லுக்கும் அப்பால் வேலை. இடையே இரயில் பயணம் என்று அவர் வாழ்வு கழிந்தது.

அவர் எடுத்துக்கொண்ட பணி யாது என்பதை உணர, கரு தோன்றும் முறையைச் சற்றே நினைவில் கொள்ளுதல் வேண்டும். திங்கள்தோறும் பெண்ணின் சினைப்பையிலிருந்து பெரும்பாலும் ஒரே ஒரு சினைமுட்டை வெளிப்படுகிறது. அது கருப்பைக்குச் செல்லும் வழியில், கருக்குழாயினுள் ஆணின் உயிரணுவைச் சந்திக்கிறது. கரு உருவாவது குழாயிலேயே; கருப்பையிலன்று. ஓரணு இரண்டாகி, இரண்டு நான்காகி, மூன்றாம் நாளில் ஏறத்தாழ எட்டு அணுக்களாக நிற்கும்; ஐந்தாறு நாட்களில் கருப்பையை அடைந்து அதன் சுவரில் பதியும். அக்குழாய்கள் நோயினால் அடைபட்டுவிட்டால் இரு அணுக்களும் சந்திக்க வழியே இல்லை. பெண் முழு நலத்தோடு இருப்பாள், கருப்பை காத்திருக்கும், இடையே ஒரு நூலிழைக் குழாய் அடைபட்டிருப்பதால் ஆயுள் முழுதும் அக்கொடுஞ்சொல்லைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அச்சந்திப்பை உடலுக்கு வெளியே, கண்ணாடிக் கலத்தில் நிகழ்வித்து, உருவான கருவைக் கருப்பையில் வைத்தால் என்ன என்பதே வினா. 'சோதனைக் குழாய்க் குழந்தை' என்று செய்தித்தாள்கள் இட்ட பெயர் பொருத்தமற்றது. சோதனைக் குழாயில் குழந்தை வளர்வதில்லை. தட்டையான கலத்தில் கரு இரண்டு மூன்று நாள் தங்குகிறது, எஞ்சிய ஒன்பது திங்களும் தாய் வயிறுதான். இங்கிலாந்தில் ராபர்ட் எட்வர்ட்ஸ் என்னும் உடலியலாளரும், பாட்ரிக் ஸ்டெப்டோ என்னும் மருத்துவரும் பல ஆண்டுத் தோல்விகளுக்குப் பின் இதில் வெற்றி கண்டனர். 1978 ஜூலை 25-ஆம் நாள் ஓல்டாம் நகரில் லூயிஸ் பிரௌன் என்னும் பெண் மகவு பிறந்தது. உலகம் முழுதும் அதே பேச்சாயிற்று.

அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில் வங்காளத்தில் பெருமழை பெய்து, பெருவெள்ளம் ஊர்களை அழித்தது. கல்கத்தாவின் தெருக்களும் நீரில் மூழ்கின. நீர் வடிந்தும் வடியாமலும் இருந்த அக்டோபர் 3-ஆம் நாள், இந்நகரில் ஒரு பெண் குழந்தை அறுவை வழியாக நலமுடன் பிறந்தது. மகாளய அமாவாசை கழிந்த மறுநாள். தமிழ் இல்லங்களில் கொலு வைத்து நவராத்திரியைத் தொடங்கும் நாள். குழந்தைக்குத் 'துர்கா' என்று பெயர் வழங்கிற்று. உடலுக்கு வெளியே கருவாகிப் பிறந்த உலகின் இரண்டாம் குழந்தை, இந்தியாவின் முதற்குழந்தை. லூயிஸ் பிறந்து அறுபத்தேழு நாட்களுக்குப் பின் என்று பலரும் எழுதுவர். நாட்காட்டியை எடுத்து எண்ணினால் எழுபது வருகிறது.

அந்த எழுபது நாள் இடைவெளியைக் கண்டு, ஆங்கிலேயர் செய்ததைப் பார்த்து வங்கத்தார் செய்தனர் போலும் என எண்ணிவிடலாகாது. துர்காவின் கரு ஐம்பத்து மூன்று நாட்கள் உறைநிலையில் வைக்கப்பட்டிருந்து, அதன் பின்னரே தாயின் கருப்பையை அடைந்தது. நிறைமாதக் குழந்தை எனக் கொண்டு பின்னோக்கி எண்ணினால், கண்ணாடிக் கலத்தில் அக்கரு தோன்றிய காலம் 1977 நவம்பரை ஒட்டி வரும். லூயிஸின் கரு தோன்றியதும் அத்திங்களே. ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாமல், ஓல்டாமிலும் கல்கத்தாவிலும் ஏறத்தாழ ஒரே வேளையில் இரு உயிர்கள் கண்ணாடியில் தொடங்கின.

வழியும் வேறு. எட்வர்ட்ஸ் குழுவினர் இயற்கையாக முதிரும் ஒரே முட்டையை நம்பினர். அதை எடுக்க வயிற்றில் துளையிட்டுக் கருவியைச் செலுத்தினர். சுபாஷ் முகர்ஜியோ, ஹார்மோன் ஊசியால் ஒரே சுழற்சியில் பல முட்டைகளை முதிரச் செய்தார். அவற்றை வயிற்றின் வழியே எடுக்காமல், பிறப்பு வழியின் உட்சுவரில் சிறு கீறலிட்டு எடுத்தனர். மூன்றாவது, யாவற்றினும் அரியது: உருவான எட்டணுக் கருக்களை உடனே கருப்பையில் வைக்காமல் உறையவைத்தனர்.

இதன் காரணம் கூர்ந்து நோக்கத்தக்கது. முட்டைகளைப் பெருக்கத் தரும் ஊசி, அச்சுழற்சியில் கருப்பையின் உட்சுவரையும் இயல்பு திரியச் செய்துவிடக்கூடும். விதை நன்றாயிருப்பினும் நிலம் பதப்படவில்லை. எனவே கருவைக் காத்து வைத்து, ஊசி ஏதுமற்ற பிறிதொரு சுழற்சியில், நிலம் தன் பதத்திற்கு வந்தபின் விதைத்தல் நலம். ஆனால் உயிரணுவை உறையவைப்பது எளிதன்று. அணுவினுள் இருக்கும் நீர் பனிக்கட்டியானால் அதன் கூர்முனைகள் அணுவைக் கிழித்துவிடும். இதைத் தடுக்க டைமெதில் சல்பாக்சைடு என்னும் திரவத்தில் கருவை இட்டுப் பக்குவப்படுத்திய பின்னரே குளிரூட்டினர். இப்பணியில் அவருக்குத் துணை நின்றவர் உறைகுளிர் நுட்பம் அறிந்த பேராசிரியர் சுனித் முகர்ஜி. முட்டை எடுக்கும் சிகிச்சையில் துணை நின்றவர் மகளிர் மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யா. ஓர் உடலியலாளர், ஓர் உறைகுளிர் வல்லுநர், ஒரு மகளிர் மருத்துவர்: குழு அவ்வளவே.

வீட்டுக் குளிர்ப்பெட்டியில் கருவை வைத்திருந்தார் என்று ஊரில் ஒரு கதை உலவிற்று. இரசிக்கத்தக்க கதைதான், ஆயினும் குளிர்ப்பெட்டியின் குளிர் இதற்கு எள்ளளவும் போதாது. கருவை நெடுநாள் காப்பது பூச்சியத்திற்குக் கீழே 196 பாகை குளிர்ந்த திரவ நைட்ரஜன். அதற்கு மின்சாரமும் வேண்டுவதில்லை. அந்நாளில் மாலைதோறும் விளக்கணைந்த கல்கத்தாவை நினைவுகூர்வோர், அது எத்துணைப் பொருத்தமான ஏற்பாடு என்பதை உணர்வர்.

செய்தி வெளியானதும் பாராட்டைவிட ஐயமே மிகுந்தது. மாநில அரசு 1978 நவம்பரில் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. ரேடியோ இயற்பியல் துறையைச் சேர்ந்த ஒருவர் அதற்குத் தலைவர். கருவியலையும் உறைகுளிர் நுட்பத்தையும் தம் கைப்பழக்கத்தால் அறிந்தவர் அக்குழுவில் இல்லை. நாட்டிலேயே அத்தகையோர் அரியராயிருந்த காலம் அது என்பதையும் சொல்லிவிடுதல் வேண்டும். சுபாஷ் முகர்ஜி வினாக்களுக்கு விடையளித்தார். அவர் கூற்று நம்பத்தக்கதன்று என்று குழு முடிவு கூறிற்று.

ஐயுற்றது பிழையா? அன்று என்பதே என் கருத்து. புதுமை கூறுபவனைச் சான்று கேட்பது அறிவியலின் கடமை. உறைகுளிர் ஆய்விதழ் ஒன்றில் 1978-இல் அவர் குழுவினர் வெளியிட்ட குறிப்பு மிகச் சிறியது; அதனைப் படித்து எவரும் அம்முறையை மீண்டும் செய்து பார்த்திட இயலாது. ஆனால் ஐயத்தைத் தீர்க்கும் வழி, உரியவர்களைக் கொண்டு மீண்டும் செய்து பார்ப்பது. செய்தவனிடமிருந்து வேலையைப் பறிப்பதன்று.

அவர் தம் கையில் இருந்த பெருஞ்சான்றைப் பயன்படுத்தாமல் விட்டதற்கு மற்றொரு காரணமும் உண்டு. இங்கிலாந்தில் லூயிஸின் பெற்றோர் தம் கதையைச் செய்தித்தாள் ஒன்றுக்கு உரிமை கொடுத்து வெளியிட்டனர்; குழந்தையை உலகம் கண்டது. இங்கே துர்காவின் பெற்றோர் பழைமை போற்றும் குடும்பத்தார். தம் மகளை ஊரார் வேடிக்கைப் பொருளாகப் பார்ப்பரோ என்று அஞ்சினர். இக்காலத்து நமக்கு அவ்வச்சம் மிகையெனத் தோன்றலாம். மகள் வளர்ந்து மணம் பேசும் நாளில் என்ன கேட்பார்கள் என்று எண்ணிப் பார்க்கும் எந்தத் தமிழ்த் தாய்க்கும் அது மிகையாகத் தோன்றாது. பெற்றோர் மறைவை வேண்டினர். மருத்துவர் அம்மறைவைக் காத்தார். காத்ததன் விலையையும் அவரே கொடுத்தார்.

1979-இல் ஜப்பானின் கியோத்தோப் பல்கலைக்கழகம் தன் செலவில் அவரை அழைத்து, தம் ஆய்வை எடுத்துரைக்குமாறு கேட்டது. அரசுப் பணியாளர் ஆதலின் அனுமதி வேண்டியிருந்தது. அனுமதி மறுக்கப்பட்டது. இதயநோயும் அவரைப் பற்றிற்று. 1981 ஜூனில், கருவியலுக்கும் ஹார்மோன் ஆய்வுக்கும் யாதொரு தொடர்புமில்லாத கண் மருத்துவ நிலையம் ஒன்றுக்கு மாற்றலாணை வந்தது. ஆய்வுக்கு இனி இடமில்லை என்பதற்கு வேறு சொல் வேண்டியிருக்கவில்லை. அத்திங்கள் 19-ஆம் நாள் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயது ஐம்பது. துர்காவுக்கு அப்போது மூன்று வயதும் நிறையவில்லை.

அவர் மறைந்தபின் அவரை நினைவில் வைத்திருந்தது இலக்கியமும் திரையும்தான். வங்க எழுத்தாளர் ரமாபத சௌதுரி அவர் வாழ்வின் சாயலில் ஒரு கதை எழுதினார். அதைத் தழுவித் தபன் சின்ஹா 'ஏக் டாக்டர் கீ மௌத்' என்னும் இந்திப் படத்தை 1990-இல் எடுத்தார். படத்தில் மருத்துவர் கண்டுபிடிப்பது தொழுநோய்க்குத் தடுப்பு மருந்து. உண்மை யாது என்பதைக் கல்கத்தாவில் படம் பார்த்தவர்கள் அறிந்திருந்தனர்.

இதற்கிடையில் 1986 ஆகஸ்டு 6-ஆம் நாள் பம்பாயில் ஒரு குழந்தை இம்முறையில் பிறந்தது. இனப்பெருக்க ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர் டாக்டர் டி. சி. ஆனந்தகுமாரும், கெம் மருத்துவமனையின் டாக்டர் இந்திரா ஹிந்துஜாவும் அவ்வெற்றிக்கு உரியவர்கள். சான்றுகள் யாவும் முறைப்படி வெளியிடப்பட்டன. இந்தியாவின் முதற் சோதனைக் குழாய்க் குழந்தை என்று அரசும் ஏடுகளும் அதனையே குறித்தன. பாடநூல்களிலும் அவ்வாறே இடம்பெற்றது. கல்கத்தாவின் கூற்று வதந்தி என்று ஒதுக்கப்பட்டுவிட்டது.

இவ்வரலாற்றில் நான் நின்று நெடிது நோக்கும் இடம் அடுத்து வருவது. 1997-இல் ஆனந்தகுமார் கல்கத்தாவுக்கு வந்தபோது, சுபாஷ் முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகளையும் கடிதங்களையும் சுனித் முகர்ஜி அவரிடம் ஒப்படைத்தார். பதினாறு ஆண்டுகளாக அவற்றைக் காத்து வந்தவர் அவர். ஆனந்தகுமார் அவற்றைப் படித்தார். அவற்றில் எழுதியிருந்த முறை, செய்து பார்த்த ஒருவராலன்றி எழுதியிருக்க முடியாத முறை என்பது, அதே பணியைத் தம் கைகளால் செய்திருந்த அவருக்கு விளங்கிற்று. விசாரணைக் குழுவில் இல்லாமற்போன கண் அது.

அக்குறிப்புகளைப் படித்துவிட்டு மூடி வைத்திருந்தால் அவரை எவரும் குறை கூறியிருக்கப் போவதில்லை. 'இந்தியாவின் முதல்' என்னும் பட்டம் அவருடையதாகவே இருந்திருக்கும். அவரோ, பெங்களூரிலிருந்து வெளிவரும் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் 1997 ஏப்ரலில் ஒரு கட்டுரை எழுதினார். இந்தியாவின் முதற் சோதனைக் குழாய்க் குழந்தையை உருவாக்கியவர் சுபாஷ் முகர்ஜியே என்று சான்றுகளோடு நிறுவினார். தம் தலையில் பதினோராண்டு இருந்த முடியைத் தாமே கழற்றி, மாண்ட ஒருவரின் தலையில் சூட்டினார். பரிசும் பதவியும் பெற்ற அறிஞர் பலரைப் பற்றி நாம் கேள்விப்படுகிறோம். இத்தகையோரைப் பற்றிக் கேள்விப்படுவது எப்போதோ ஒருமுறை.

அதன் பின்னரே பிற ஏற்புகள் வந்தன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சில ஆண்டுகள் கழிந்து, அவர் பணியை ஒப்புக்கொண்டது. உலக மருத்துவ அறிஞர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்து 2007-இல் வெளிவந்த அகராதியிலும் அவர் பெயர் இடம்பெற்றது. எட்வர்ட்ஸுக்கு 2010-இல் நோபெல் பரிசு கிட்டியபோது, ஸ்டெப்டோ மறைந்து இருபத்திரண்டு ஆண்டுகளும், சுபாஷ் முகர்ஜி மறைந்து இருபத்தொன்பது ஆண்டுகளும் ஆகியிருந்தன. மறைந்தவர்க்கு அப்பரிசு வழங்கும் வழக்கமில்லை.

அவர் கையாண்ட முறைகள் மூன்றும் பின்னர் என்ன ஆயின என்பதையும் கூறுதல் வேண்டும். ஹார்மோன் ஊசியால் பல முட்டைகளை முதிரச் செய்யும் முறையை அமெரிக்காவில் நார்போக் நகர மருத்துவர் 1981-இல் வெற்றியுடன் கையாண்டனர். உறைந்த கருவிலிருந்து பிறந்த முதற் குழந்தை என்று உலகம் குறித்துக்கொண்டது 1984-இல் ஆஸ்திரேலியாவில் பிறந்த குழந்தையை. பிறப்பு வழியாகவே முட்டையை எடுப்பது, ஒலியலைக் கருவியின் துணையோடு, 1980-களின் நடுவிலிருந்து எங்கும் வழக்கமாயிற்று. ஊசி, பிறப்பு வழி, உறைகுளிர் ஆகிய மூன்றும் இன்று உலகெங்கும் இச்சிகிச்சையின் அன்றாட நடைமுறை. உறையவைத்தால் குழந்தைக்குக் கேடு வருமோ என்று அன்று அஞ்சினர்; இன்று கருவை உறையவைத்து, கருப்பை பதப்பட்ட பின் வைப்பதையே பல மருத்துவர் விரும்பிச் செய்கின்றனர். இச்சிகிச்சையால் உலகில் பிறந்துள்ள குழந்தைகள் ஒரு கோடிக்கும் மேல் என மதிப்பிடுகின்றனர். நம் சென்னையிலும் டாக்டர் கமலா செல்வராஜ் 1990 ஆகஸ்டில் தென்னாட்டின் முதற் சோதனைக் குழாய்க் குழந்தையைப் பிறப்பித்தார். நம் குடியிருப்பில் இருந்தும், இச்சிகிச்சைக்கென ஊருக்குச் சென்று மகவோடு மீண்ட இணையர் உண்டு. இன்று அதற்காக ஊருக்குச் செல்லவும் வேண்டுவதில்லை.

துர்கா என்று உலகம் அறிந்த அப்பெண், வேறு பெயரில், பிற பெண்களைப் போலவே பள்ளி சென்று, பட்டம் பெற்று, பணியில் அமர்ந்தார். அவர் இருபத்தைந்து வயது நிறைந்த 2003-ஆம் ஆண்டில், சுபாஷ் முகர்ஜியின் நினைவுக்கென நடந்த ஒரு கூட்டத்தில் மேடையேறி, அம்மருத்துவர் உருவாக்கிய குழந்தை தாமே என்று தம் வாயாலேயே அறிவித்தார். 1978-இல் விசாரணைக் குழு கேட்ட சான்று அன்று அம்மேடையில் நின்று பேசிற்று.